ஏரியும் மலையும் காட்ட ஒரு பேருந்து விடுங்கள்

மதிப்புக்குரிய தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கும்,

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னை மாதவரத்தில் கிளம்ப வேண்டும். புழல், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் என்று மலையடிவாரம் வரை போக வேண்டும். திரும்பும்போது பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் மாலை வெயில் சாயும்வரை நின்றுவிட்டு, திருவள்ளூர் வழியாக இரவு எட்டு மணிக்குள் ஊர் வந்து சேர வேண்டும். இப்படி ஒரு சுற்றுலாப் பேருந்தை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சுற்றி வந்தால் 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒரு பகல் போதும்.

பெரம்பூர் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். துணி கொடுக்க வரும் பெண்களும் கூட வேலை செய்யும் பெண்களும் பேசிப் பேசி ஆறப்போட்ட ஆசை ஒன்று உண்டு. ஒருதரமாவது மலைக்குப் போய்விட்டு வரவேண்டும் என்பது அது. மலை என்றால் எங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரிதான். அதற்கு ரயிலில் இடம் கிடைக்க வேண்டும், ரூம் போட வேண்டும், இரண்டு மூன்று நாள் வேலையை விட வேண்டும், வீட்டில் இருக்கும் வயதானவர்களை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் வந்ததும் இந்தப் பேச்சு தானாகவே அடங்கிவிடும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டு, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் மலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்காத பெண்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள்.

ஒருநாள் பயணம் எங்களுக்குப் புதிதில்லை. ஆடி பிறந்தால் வடசென்னையில் பாதிப் பேர் பெரியபாளையம் கிளம்பிவிடுவார்கள். தெருவுக்கு ஒரு வேன் பேசி, ஸ்டவ்வும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவோம். பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி, பொங்கல் வைத்து, தோப்பில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவோம். செங்குன்றம் தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் பிரியும் அந்தச் சாலை எங்கள் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அதே சாலையில் அம்மன் கோயிலைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் போனால் மலை இருக்கிறது என்பதை மட்டும் எங்களில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. எங்கள் வேன் எப்போதும் கோயிலோடு திரும்பிவிடும்.

அந்த மீதிச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கோரிக்கையே அதை நம்பித்தான் நிற்கிறது.

ஊத்துக்கோட்டை வரை நிலம் தட்டையாகவே போகும். நெல் வயல், பனை, ஏரிக்கரை, இடையிடையே செங்கல் சூளை. ஊத்துக்கோட்டை தாண்டியதும் ஆந்திர எல்லை, எல்லையை ஒட்டியே சுருட்டப்பள்ளி. அங்கே பள்ளிகொண்டீஸ்வரர் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பாற்கடலில் வந்த ஆலகால விஷத்தை உண்ட மயக்கம் என்பது தலபுராணம். லிங்கமாகவே பார்த்துப் பழகிய சிவனைப் படுத்த கோலத்தில் பார்க்கும்போது வயதான அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே நிற்பார்கள். பிரதோஷத்தன்று மட்டும் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் நிதானமாகக் கும்பிட்டு வரலாம்.

சுருட்டப்பள்ளியை விட்டு வெளியே வந்தால் மலை எழுந்துவிடும். முதலில் நீலமாக ஒரு கோடு, பிறகு பச்சை, இன்னும் கிட்டே போனால் பாறையின் செம்பழுப்பு. நாகலாபுரத்தை நெருங்க நெருங்க மலைத்தொடர்கள் பக்கத்தில் வந்துவிடும். நடுவில் வயலும் மாந்தோப்பும். மலையின் தலைப்பகுதி சீவிவிட்டதுபோல் செங்குத்தாக நிற்பதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். அது குவார்ட்சைட் என்னும் கெட்டிப் பாறை. மழையும் வெயிலும் மற்ற பாறையைக் கரைத்தாலும் இது சீக்கிரம் கரையாது. அதனால்தான் சரிவு சரிவாக ஏறி வந்த மலை உச்சியில் மட்டும் சுவர்போல் நிமிர்ந்துவிடுகிறது. இந்த மலைகளில் 'நகரி மூக்கு' என்று ஒரு சிகரம் உண்டு. அந்தக் காலத்தில் சென்னைக் கடற்கரைக்கு வரும் கப்பல்காரர்கள் கடலிலிருந்தே அதைப் பார்த்துத் திசை அறிந்தார்கள். கடலில் வந்தவர்களுக்குத் தெரிந்த மலை நகரத்துக்குள் வாழும் எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சரிவில் நிற்கும் மரங்களில் செம்மரமும் ஒன்று. உலகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குப் பகுதியில்தான் அது இயற்கையாக வளர்கிறது. கடத்தல் செய்தியில் மட்டுமே கேள்விப்பட்ட மரத்தை, வேர்விட்டு இலையோடு நிற்கும் மரமாக எங்கள் பிள்ளைகள் ஒருதரம் பார்க்கட்டும்.

நாகலாபுரத்தில் வேதநாராயண சுவாமி கோயில் இருக்கிறது. மச்சாவதாரக் கோலத்தில் பெருமாள் இருக்கும் கோயில். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரை இந்த ஊருக்கு வைத்தார். மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலைச் சூரியனின் கதிர் வாசல்களைக் கடந்து மூலவர்மேல் விழும். முதல் நாள் பாதத்தில் தொடங்கி மூன்றாம் நாள் முடிவரை ஏறும். அதைப் பார்க்க ஊரே கூடும், அந்த நெரிசல் நமக்கு வேண்டாம். மற்ற நாளில் கோயிலின் பெரிய பிராகாரத்தில் நின்று மலையைப் பார்ப்பதே போதும். அங்கிருந்து பிச்சாட்டூர் அணை கொஞ்ச தூரம்தான். அதற்கும் மேலே போனால் புத்தூர். கை கால் முறிந்தால் சென்னைக்காரர்கள் தேடிப்போகும் புத்தூர் கட்டுக்குப் பேர்போன அதே புத்தூர்தான். எலும்பு முறிந்த வேதனையோடு மட்டுமே இந்தப் பக்கம் வந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் ஒருநாள் வேடிக்கை பார்க்க வரட்டுமே.

கைலாசகோனை அருவியையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்றுதான் படுகிறது. ஒரே நாளில் பத்து இடம் என்று அச்சடித்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் பதினைந்து நிமிஷம் இறக்கி விசிலடித்து ஏற்றும் பயணம் யாருக்கும் நிறைவு தராது. நான்கு இடம் போதும். நிற்கும் இடத்தில் நிதானமாக நிற்கட்டும்.

இனி ஏரி. மலையும் ஏரியும் இந்தப் பயணத்தில் தனித்தனிக் காட்சிகள் கிடையாது. வண்டியில் பேசிக்கொண்டு வரும் வழிகாட்டி இதைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நாங்கள் பெரியபாளையத்தில் பொங்கல் வைக்கும் ஆரணியாறு இந்த மலைப் பக்கத்தில் பிறப்பதுதான். பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளியும் ஊத்துக்கோட்டையும் தாண்டி, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் போய்ப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் கீழே கரையோர ஊர்களுக்கெல்லாம் வெள்ள எச்சரிக்கை வரும். தொலைக்காட்சியில் அந்தப் பெயரைக் கேட்கும்போது அது எங்கே இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு ஆறு கொசஸ்தலை. நகரி மலைப்பக்கத்து ஓட்டங்களைச் சேர்த்துக்கொண்டு வரும் நகரியாறு கொசஸ்தலையில் கலக்கிறது. அந்தக் கொசஸ்தலையின் குறுக்கேதான் பூண்டி. 1939-ல் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழி தேடியபோது முன்னின்று கொண்டுவந்த திட்டம் இது. அவர் 1943-ல் இறந்துபோனார். அணை 1944-ல் முடிந்தது. தான் கட்டச் சொன்ன ஏரியில் தண்ணீர் நிற்பதை அவர் பார்க்கவில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி என்று மழைக்காலத்தில் நாளிதழில் தினமும் படிக்கிறோம். அந்த எண் எவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு என்பது கரையில் போய் நின்றால்தான் கண்ணுக்குப் புரியும்.

பூண்டிக்கு வருவது நம் ஆற்றுத் தண்ணீர் மட்டும் இல்லை. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீரும் வருகிறது. ஸ்ரீசைலத்தில் கிளம்பி, சோமசிலா, கண்டலேறு என்று நீர்த்தேக்கம் நீர்த்தேக்கமாக இறங்கி, கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி ஊத்துக்கோட்டை பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழையும். தாமரைக்குப்பத்தில் அது நுழையும் இடத்தை ஜீரோ பாயின்ட் என்கிறார்கள். அங்கிருந்து பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர். 1996-ல் முதன்முதலாக அந்தத் தண்ணீர் பூண்டியைத் தொட்டது. பிறகு சத்ய சாய் அறக்கட்டளையின் பொருளுதவியில் கால்வாய் செப்பனிடப்பட்டது. ஜீரோ பாயின்டில் பார்க்க அலங்காரமாக ஒன்றும் இருக்காது. கான்கிரீட் கரைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் பேருந்தை அங்கே பத்து நிமிஷம் நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அண்டை மாநில விவசாயி தன் வயலைத் தாண்டிப் போகவிட்ட தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று நேரில் பார்த்தவர்கள், வீட்டில் குழாயைத் திறந்துவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கமாட்டார்கள்.

பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய்கள் வழியாகச் சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குத் தண்ணீர் போகிறது. காலையில் வண்டி கடந்துபோன புழல் ஏரிக்கு மாலையில் பூண்டியில் நின்று பார்க்கும்போது கணக்கு விளங்கும். புழல் 1876-லிருந்து நகரத்துக்குத் தண்ணீர் தேக்கும் ஏரி. அதன் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. கொல்கத்தா பக்கம் போகும் ஜி.என்.டி. சாலையில் எத்தனையோ முறை அதன் பக்கத்தில் போயிருக்கிறோம். கரை உயரம் என்பதால் பஸ்ஸிலிருந்து தண்ணீரே தெரியாது. பாதுகாப்பான ஓர் இடத்தில் கரைமேல் ஏற்றிக் காட்ட நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்கித் தாருங்கள்.

வடசென்னைக்காரர்களான எங்களுக்கு இன்னொரு சொந்தமும் இருக்கிறது. பூண்டியில் மதகைத் திறந்தால் உபரி நீர் கொசஸ்தலையில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வரும். 2021 நவம்பரில் அப்படி வந்த வெள்ளம் மணலி புதுநகரில் வீடுகளுக்குள் புகுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2019 கோடையில், இதே ஏரிகள் வெடித்துக் காய்ந்து கிடந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்தது. அந்தக் கோடையில் லாரிக்குக் குடம் வரிசை போட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பிடித்த பெண்கள்தான் நான் சொல்லும் பயணிகள். தங்களை வாட்டிய ஏரியையும் மிரட்டிய ஏரியையும் அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

என் மாமியாரைச் சில வருஷம் முன்பு மார்கழியில் பூண்டிக்குக் கூட்டிப் போனேன். கரையில் நின்று எதிர்க்கரை தெரிகிறதா என்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். கூழைக்கடாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. "இதுவா நம்ம வீட்டுக் குழாய்ல வருது?" என்று கேட்டார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. குழாயடியில் சண்டை போட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் அவர்.

பூண்டியை ஒட்டிய நிலத்துக்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார்கள். பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே வருஷக்கணக்காக அகழாய்வு செய்து, அந்தக் கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியிட்டது. கருவிகளின் கல்லும் அதே குவார்ட்சைட்தான். பக்கத்து அல்லிக்குழி மலையில் உருண்டைக் கற்களாகப் பதிந்து கிடப்பதை எடுத்து அந்த மனிதர்கள் தட்டிக் கூர்மையாக்கினார்கள். காலையில் நாகலாபுரத்தில் உச்சிச் சுவராகப் பார்த்த பாறையை மாலையில் பூண்டியில் தொல்லியல் துறை வைப்பகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் கோடரியாகப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்? குடியம் குகைகளும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்குக் காட்டு வழியில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். எல்லா வயதினரும் வரும் வண்டியில் அதைச் சேர்க்காதீர்கள். நடக்கக்கூடியவர்களுக்கு வனத்துறையோடு சேர்ந்து தனியாக ஒருநாள் வையுங்கள்.

இத்தனையும் இருக்கும்போது அவரவர் வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கார் வைத்திருப்பவர்களும் பைக்கில் போகும் பையன்களும் போகிறார்கள். வண்டி இல்லாதவர்கள் ஊத்துக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகலாபுரத்துக்கு ஒரு பஸ், திரும்பி வந்து பூண்டிக்கு ஒரு பஸ் என்று மாறி மாறிப் போக வேண்டும். பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். பிள்ளையும் பையுமாக ஒரு பெண் அதைச் செய்யமாட்டாள்.

அதோடு, வண்டிகள் பெருகினால் ஒரு மலைக்கு என்ன ஆகும் என்பதை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்த்துவிட்டோம். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது அதனால்தான். நாகலாபுரமும் பூண்டியும் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. இப்போதே பேருந்தைப் பழக்கப்படுத்திவிட்டால் ஐம்பது பேர் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவார்கள். குப்பைக்கு ஒரே பை, பொறுப்புக்கு ஒரே ஆள். குடிதண்ணீர் ஏரியின் நீர்ப்பிடிப்பில் உடைத்துப்போடும் ஒவ்வொரு பாட்டிலும் நகரத்துக்கே திரும்பி வருகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இந்தப் பேருந்திலாவது அதை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டுங்கள். தண்ணீர்க் கேன் வண்டியிலேயே இருக்கட்டும், எங்கள் எவர்சில்வர் பாட்டிலை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இனி எப்படி நடத்துவது என்பது. திருப்பதிக்கும் மாமல்லபுரத்துக்கும் ஒருநாள் சுற்றுலா நடத்திப் பழகிய உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. பயணியாக வரப்போகிறவர்களின் மனசைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் கழிப்பறை. ஒரு பெண் பயணத்துக்கு வருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இதை வைத்துத்தான். பூண்டிக்குக் கூட்டிப்போன அன்று என் மாமியார் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு "வழியில எங்க போறது?" என்றார். சர்க்கரை வியாதிக்காரர் அவர். தண்ணீரைப் பார்க்கக் கிளம்பிய பெண் தண்ணீர் குடிக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும்படி விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சுத்தமான, தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்க வேண்டும். அது எந்த இடம், எத்தனை மணிக்கு என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுங்கள். வேறு எந்த வசதியைக் குறைத்தாலும் பொறுத்துக்கொள்வோம், இதைக் குறைத்தால் வரமாட்டோம்.

ஜன்னல் திறக்கும் வண்டி வேண்டும். ஏ.சி. இல்லாவிட்டால் பரவாயில்லை. மார்கழிக் காலையில் வயல்காற்று முகத்தில் அடிக்க வேண்டும். படம் போடாதீர்கள், பாட்டும் வேண்டாம். டிரைவருக்கு மேலே திரை ஓடினால் பிள்ளைகளின் கண் வெளியே போகாது. போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் திரும்பும்போது உள்பக்கம் மாறிக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது.

வழிகாட்டியை அந்த ஊர்களிலிருந்தே எடுங்கள். ஊத்துக்கோட்டையிலும் சீத்தஞ்சேரியிலும் தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசும் படித்த பையன்களும் பெண்களும் கிடைப்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. செடி, பாம்பு, மீன், மழை பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவு வேறு யாருக்கும் இல்லை. அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தாமல், மரியாதையாகச் சம்பளம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டை அந்தப் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவிடம் விடுங்கள். வாழை இலையில் சாம்பார், ஒரு பொரியல், ரசம், மோர் போதும். பஃபே வேண்டாம்.

பூண்டியில் படகு விடும் யோசனை எப்போதாவது வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முட்டுக்காடும் முதலியார்குப்பமும் படகுக்கு இருக்கின்றன. பூண்டி குடிதண்ணீர். அங்கே நிழலும் உட்கார நாலு பெஞ்சும் போதும். ஏரியிலோ ஆற்றிலோ குளிக்க இறங்கக்கூடாது என்பதைக் கறாராகச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோடையிலும் நீச்சல் தெரியாத பிள்ளைகளை நீர்நிலைகளில் பறிகொடுத்த வீடுகள் எங்கள் பகுதியிலும் இருக்கின்றன. இந்தப் பேருந்தில் வரும் எந்தத் தாய்க்கும் அந்தப் பயம் இருக்கக்கூடாது.

பருவம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை நடத்துங்கள். ஏரி நிறைந்திருக்கும், மலை பச்சையாக இருக்கும், பறவைகள் வந்திருக்கும். மே மாதம் வேண்டவே வேண்டாம். பாறை சுடும், ஏரி வற்றும், வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். இது ஊட்டிக் குளிர் தேடி வரும் இடம் இல்லை என்பதையும் விளம்பரத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மழை பலமாகப் பெய்து பிச்சாட்டூரிலோ பூண்டியிலோ தண்ணீர் திறக்கும் வாரத்தில் பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாநில எல்லை குறுக்கே இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். திருத்தணி 1960-ல் இந்தப் பக்கம் வந்தது, நாகலாபுரம் அந்தப் பக்கம் இருக்கிறது. எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் மலையில் பெய்வது நம் ஏரியில்தான் வந்து நிற்கிறது. திருப்பதிக்கு வண்டி விட அனுமதி வாங்கும் நீங்கள் நாகலாபுரத்துக்கும் வாங்கலாம். ஆந்திரச் சுற்றுலாத் துறையோடு பேசினால், அவர்கள் பக்கத்துப் பயணிகளும் பூண்டியைப் பார்க்க வரக்கூடும்.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. இலவசமாகக் கேட்கவில்லை. ஆடி வேனுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று நாங்களே பிரித்துக் கொடுத்துப் பழகியவர்கள். அந்தக் கணக்கை ஒட்டி, சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தொகை வையுங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் பாதியாக்குங்கள். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வாரநாளில் ஒரு வண்டி தனியாக ஒதுக்கினால் அதற்கு நீங்கள் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

முன்பதிவை இணையத்தோடு நிறுத்தாமல் மாதவரம் பேருந்து நிலையத்தில் ஒரு கவுன்டரிலும் வையுங்கள். எங்கள் பெண்களில் பலர் போனில் பணம் கட்டத் தயங்குவார்கள், நேரில் வந்து ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்குவார்கள். உங்கள் அலுவலகம் இருக்கும் வாலாஜா சாலையிலிருந்து மட்டும் கிளப்பினால் விடியற்காலையில் எண்ணூர், மணலி, வியாசர்பாடியிலிருந்து அங்கே வந்து சேர்வதே ஒரு பயணமாகிவிடும்.

வரும் டிசம்பர் நடுவிலிருந்து எட்டு ஞாயிறுக்கு மட்டும் சோதனையாக விட்டுப் பாருங்கள். முதல் வண்டிக்குப் பெயர் கொடுக்க எங்கள் தெருவிலும் கடைக்கு வரும் பெண்களிலுமாக இருபது பேருக்கு மேல் தயாராக இருக்கிறார்கள். வயதும் பெயரும் எழுதிய பட்டியலை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு தையல்காரி